வானத்துக்கு மாடி கண்டவர்

லேப்ல ரீடிங் கிராஃபில் உட்காரலைன்னா நாம என்ன செய்வோம் நண்பர்களே? பக்கத்து பேட்ச் நோட்டை எட்டிப் பார்ப்போம். (நான் பார்த்ததில்லை, நம்புங்க!) பக்கத்து நோட்டே இல்லாத ஒருத்தர் கதை இது.

லியோன் டெஸ்ரன் த போர் 1855-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா மந்திரியாக இருந்தவர், வசதியான வீடு. பாரிஸின் அரசு வானிலை அலுவலகத்தில் நல்ல பதவியில் இருந்தவர், 1896-ல் அதை உதறிவிட்டு, வெர்சாய் பக்கத்தில் திராப் என்ற ஊரில் சொந்தக் காசில் ஆய்வுக்கூடம் கட்டினார்.

மேலே போகப் போக குளிரும், கிலோமீட்டருக்கு சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது நமக்கும் தெரியும். இப்படியே குறைந்துகொண்டே போகும் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். மனிதன் ஏறிப் பார்க்கவும் முடியாது. 1862-ல் பலூனில் போன இங்கிலாந்துக்காரர் கிளெய்ஷர் 8 கி.மீ. தாண்டியதும் மயங்கிவிட்டார். அதனால் இவர் ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன்களில் வெப்பநிலையைத் தானே பதியும் கருவியைக் கட்டி அனுப்பினார். ரேடியோவில் சேதி சொல்லும் கருவியெல்லாம் அப்போது ஏது? விழுந்த கருவி கையில் கிடைச்சாத்தான் ரீடிங்.

கிடைத்த ரீடிங்தான் வம்பு. சுமார் 11 கி.மீ.க்கு மேல் குளிர் கூடவே இல்லை. மைனஸ் 50 சொச்சத்தில் கோடு படுத்துவிட்டது. வெயில் பட்டு தெர்மாமீட்டர் பொய் சொல்லுதோ? அவருக்கே சந்தேகம். ராத்திரியில் பலூன் விட்டார். அப்பவும் அதே கோடு! ஆனாலும் அவசரப்படவில்லை. 236 பலூன்கள் விட்டார், 14 கி.மீ. எட்டியவை 74 தான். 1902 ஏப்ரல் 28-ல்தான் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் வாயைத் திறந்தார். மூணே நாள் கழித்து பெர்லினில் அஸ்மன் என்பவர் தனியாக அதே முடிவைச் சொன்னார். இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் பெருமை யாருக்கோ!

கீழ்த்தளத்துக்கு டிரோபோஸ்பியர், மேல்தளத்துக்கு ஸ்ட்ராடோஸ்பியர் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். கீழே காற்று மேலும் கீழும் புரளும். மேகம், மழை, இடியெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். மேலே காற்று அடுக்கு அடுக்காகக் கிடக்கும். நம்ம ஊர் மாதிரி வெப்ப நாடுகளில் அந்த எல்லை 16, 17 கி.மீ. உயரத்தில் இருக்கிறது.

ஏன் அங்கே குளிர் கூடவில்லை? அவருக்குத் தெரியாது. ஓசோன் சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சூடாவதே காரணம். 1913 ஜனவரியில் அவர் கான் நகரில் இறந்தார். ஓசோன் மேலே இருப்பதை ஃபாப்ரி, புய்சோன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் அளந்து காட்டியதும் அதே 1913-ல்தான்.