தேநீர் ஆசான் ரிக்யூ

மூணாற்று மலைகளிலும் நெல்லியாம்பதி மலையிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளி வாழும் நம் மக்களுக்குத் தேநீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அத்தேநீரைப் பருகும் கிண்ணத்தைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. உல்லாசப் பயணிகள் கூடும் இடங்களில் தேயிலைக் கடைகள் இப்பொழுது கிண்ணங்களையும் கெண்டிகளையும் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கி விற்கின்றன. ஒரு கெண்டிக்குப் பல நாட் கூலியை விலையாகக் கேட்பவையும் உள. நகரத்தில் வேலை பெற்றுப் பொருளீட்டும் நம் இளைஞர்கள், இவற்றை வாங்குவது தகுமா என்று வினவுகின்றனர். இவ்வினாவோடு தம் வாழ்நாள் முழுவதும் உறவாடிய பௌத்தர் ஒருவர் ஜப்பான் நாட்டில் இருந்தார். அவர் பெயர் சென் நோ ரிக்யூ.

பிறப்பும் பயிற்சியும்

ரிக்யூ 1522-ஆம் ஆண்டில் சாகாய் என்னும் துறைமுக நகரில் வணிகர் குடும்பத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தேநீர் அந்நாட்டில் வேரூன்றியிருந்தது. சீனம் சென்று தியான மார்க்கத்தைப் பயின்று 1191-இல் திரும்பிய எய்சாய் என்னும் பிக்கு அதனைப் பரப்பினார். தியானத்தில் அமர்ந்தோர் உறக்கத்தை வெல்ல அதனைப் பருகினர். ஆனால் காலப்போக்கில் மடத்தின் மருந்து மாளிகையின் ஆடம்பரமாயிற்று. சீனத்திலிருந்து வந்த கிண்ணங்களையும் சாடிகளையும் பிரபுக்கள் போட்டியிட்டுச் சேர்த்தனர். படைத்தலைவரான ஒதா நொபுநாகா புகழ்பெற்ற தேநீர்க் கலங்களைத் தேடித் திரட்டினார். வெற்றி பெற்ற வீரர்களுக்கு அவற்றைப் பரிசிலாகவும் வழங்கினார். தூள் தேயிலை வைக்கும் சிறு செப்பு ஒன்று ஒரு கோட்டைக்கு நிகராக மதிக்கப்பட்ட காலம் அது.

இப்போக்கிற்கு மாறாக, முராதா ஜூகோ (1423–1502) என்பவர் எளிமையை நாடும் தேநீர் நெறியைத் தொடங்கியிருந்தார். அவ்வழி வந்த தாகெனோ ஜோவோ என்னும் ஆசானிடம் ரிக்யூ இளமையிலேயே மாணவராகச் சேர்ந்தார். தைதோகுஜி விகாரையோடு தொடர்பு கொண்டு தியானப் பயிற்சியும் பெற்றார். தேநீர்க் கலையும் தியானமும் அவரிடத்தே ஒன்றாயின.

எளிய கிண்ணம்

சீனக் கலங்களின் பளபளப்பை ரிக்யூ நாடினாரில்லை. சோஜிரோ என்னும் ஓடு செய்யும் கைவினைஞரைக் கொண்டு, சக்கரத்தில் ஏற்றாமல் கையாலேயே பிடித்து வனைந்த கறுப்புக் கிண்ணங்களையும் செங்கிண்ணங்களையும் செய்வித்தார். கொரிய நாட்டின் எளிய கிண்ணங்களையும் அவர் போற்றினார். 1590-இல் ஒதாவாரா முற்றுகையின்போது அங்குக் கிடைத்த மூங்கிலை வெட்டிப் பூச்சாடியாக்கினார்.

அவரைப் பற்றிய பழங்கதை ஒன்றுண்டு. நாட்டுப்புறத்து அன்பர் ஒருவர் பொற்காசு அனுப்பி, தேநீருக்குரிய கலம் ஏதேனும் வாங்கித் தருமாறு வேண்டினார். ரிக்யூ அப்பொன் முழுவதற்கும் வெள்ளைத் துணியே வாங்கி அனுப்பினார். கிண்ணம் துடைக்கும் துணி தூயதாயிருந்தால் எளியவனுடைய தேநீருக்கு அதுவே போதும் என்பது அவர் கருத்து.

இது நம் தர்மத்திற்குப் புதிதன்று. ராஜகிருகத்துச் செட்டி ஒருவன் சந்தனப் பாத்திரத்தை மூங்கில் உச்சியில் கட்டி, இருத்தி வல்லவர் எடுத்துக்கொள்க என்றபோது, பிண்டோல பாரத்வாஜர் வானில் எழுந்து அதனைக் கொணர்ந்தார் என்று விநயபிடகம் கூறுகிறது. புத்த பகவான் அச்செயலைக் கடிந்து, பாத்திரத்தைப் பொடியாக்குமாறு பணித்தார். பொன், வெள்ளி, மணி இவற்றாலான பாத்திரங்களை விலக்கி, இரும்பும் மண்ணுமே பிக்குகளுக்கு ஆகும் என்று விதித்தார்.

குனிந்து நுழையும் வாயில்

யாமாசாகியில் உள்ள தையான் என்னும் தேநீர்க் குடில் ரிக்யூ அமைத்ததென்பர். அதன் கூடம் இரண்டு பாய் அளவே, அதாவது ஏறத்தாழ ஆறடிச் சதுரமே ஆகும். அதன் வாயில் மிகத் தாழ்ந்தது. பிரபுவாயினும் வணிகனாயினும் குனிந்து தவழ்ந்தே உள்ளே புக வேண்டும். வீரர் தம் வாளை வெளியே வைத்துவிட வேண்டும். உள்ளே கெட்டித் தேநீரை விருந்தினர் அனைவரும் ஒரே கிண்ணத்திலிருந்து ஒருவர்பின் ஒருவராகப் பருகுவர்.

நம்மவர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரே கடையில் உயர்ந்தோர் எனப்பட்டோருக்கு ஒரு குவளையும் நமக்கு வேறொரு குவளையும் வைத்த கொடுமையைத் தமிழகத்துச் சிற்றூர்கள் நன்கறியும். பாலக்காட்டு எல்லையில் முதலமடையைச் சார்ந்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் வாழும் மக்களுக்குத் தீண்டாமை இழைக்கப்படுவதாக 2017-ஆம் ஆண்டிலும் செய்திகள் வெளிவந்தன. தேநீர்க்கடைக் குவளையும் அக்குற்றச்சாட்டில் இடம்பெற்றது. ஒருவன் வாய் வைத்த கிண்ணத்தில் மற்றொருவன் வாய் வைத்துப் பருகுதல் எத்துணைப் பெரிய செயல் என்பதை நம்மினும் அறிந்தவர் யார்?

ஆயினும் உண்மையை மறைத்தல் கூடாது. ரிக்யூவின் குடிலில் நிலவிய சமத்துவம் வாயிலுக்கு வெளியே செல்லவில்லை. ஜப்பானிலும் இழிந்தோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் இருந்தனர். சட்டப்படி அவ்வேற்றுமை நீங்கியது 1871-இல்தான்.

அரசனும் ஆசானும்

நொபுநாகா 1582-இல் மாண்டபின், ரிக்யூ தொயொதொமி ஹிதெயோஷியின் தேநீர் ஆசானானார். 1585-இல் அரண்மனையில் நிகழ்ந்த தேநீர் விருந்தையொட்டிப் பேரரசரிடமிருந்து ரிக்யூ என்னும் பெயரைப் பெற்றார். ஹிதெயோஷியோ பொற்றகடு வேய்ந்த தேநீர்க் கூடம் ஒன்றைச் செய்வித்து, 1586-இல் அதனைப் பேரரசருக்குக் காட்டி மகிழ்ந்தார். 1587-இல் கிடானோவில் பெருந்தேநீர் விழா ஒன்றையும் கூட்டினார். உழவராயினும் பணியாளராயினும் ஒரு கெண்டியும் ஒரு கிண்ணமும் கொண்டு வரலாம் என்று அறிவிக்கப்பட்டது. பத்து நாள் நிகழவேண்டிய அவ்விழா ஒரே நாளில் முடிந்தது.

1591-இல் ஹிதெயோஷி ரிக்யூவைத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். தைதோகுஜியின் வாயில் மாடத்தில் ரிக்யூவின் மரச்சிலை வைக்கப்பட்டது ஒரு குற்றமாகச் சொல்லப்பட்டது. தேநீர்க் கலங்களை அளவுக்கு மீறிய விலைக்கு விற்றார் என்பது மற்றொரு குற்றம். உண்மைக் காரணம் யாது என்பதில் அறிஞர் ஒருமித்தாரில்லை. ஆனால் அவ்விரண்டாம் குற்றச்சாட்டு நமக்குப் படிப்பினையாகும். ரிக்யூவின் கண்ணுக்கு இனியது என்ற ஒன்றினாலேயே எளிய கிண்ணமும் பெரும்பொருள் மதிப்புப் பெற்றது. சீனக் கிண்ணத்தின் மேலிருந்த பற்று மண்கிண்ணத்தின் மேல் தாவியது. பொருள் மாறினும் தண்ணா மாறவில்லை.

இதனை உணர்ந்தவர் பிற்காலத்துப் பைசாவோ (1675–1763). பிக்குவாயிருந்த அவர் கியோத்தோ நகரில் தேநீர் விற்று, கொடுப்போர் கொடுத்ததைப் பெற்று வாழ்ந்தார். முதுமையில், 1755-இல், தம் கலங்கள் பிறர் கைப்பட்டு இழிவுறாதிருக்கத் தாமே அவற்றைத் தீயிலிட்டார்.

நாம் கொள்ள வேண்டுவது

கிண்ணம் வாங்குதல் பாவமன்று. நன்றாக வனைந்த குயவனுக்கு உரிய கூலி கொடுப்பது அறமே. கை சுடாமல் பிடிக்க வருகிறதா, கெண்டி சிந்தாமல் ஊற்றுகிறதா, கழுவத் தூயதாகிறதா என்று பாருங்கள். அதற்குமேல் கேட்கப்படும் பொருள் கடையின் பெயருக்கும் பிறர் கண்ணில் உயர்ந்து தோன்றும் ஆசைக்கும் செல்லுவதாயின், அதனைக் கொடாதீர்கள். பேழையில் பூட்டி வைத்து, வந்தவரின் தகுதி நோக்கி வெளியே எடுக்கும் கிண்ணம் நம் இல்லத்திலேயே இரட்டைக் குவளையை வைத்தது போலாகும்.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியை உலகம் நினைவுகூர்வது அது பசித்தவர் அனைவர்க்கும் வேற்றுமையின்றி ஈந்ததனால் அன்றோ? எவர் வரினும் ஒரே வகைக் கிண்ணத்தில் தேநீர் அளிக்கும் இல்லமே பௌத்த இல்லம். அத்தகைய இல்லங்கள் நம் மலைகளில் பெருகுக.