இமயப் பனியில் மழைக்குறி கண்ட பிளான்போர்டு

காவிரி பனியுருகிப் பெருகும் ஆறன்று. குடகு மலையில் பொழியும் தென்மேற்குப் பருவமழையே அதன் உயிர். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுமா, தஞ்சைத் தரணியில் குறுவைக்கு நாற்று விடலாமா என்னும் கவலைகள் யாவும் அணையின் இருப்பையும் அம்மழையையும் சார்ந்தவை. அப்பருவமழையின் போக்கை முன்கூட்டியே அறிய, குடகையன்று, தொலைவிலுள்ள இமயத்தின் பனியை நோக்கியவர் ஒருவர் உண்டு. அவரே ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு.

1834-இல் இலண்டனில் பிறந்த இவர், 1855-இல் தம் தமையன் வில்லியமுடன் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைப் பணிக்கு வந்தார். கொள்ளிடத்திற்கு வடக்கே அரியலூர்ப் பகுதிகளில் நடந்து திரிந்து, தொல்பழங்காலக் கடல் விட்டுச்சென்ற பாறை அடுக்குகளை வகைப்படுத்தினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் இட்ட பெயர்களை நிலவியலார் இன்றும் வழங்குகின்றனர். நம் அண்டை மண்ணை இத்துணை நுணுகி அறிந்தவரை நம் மாணவர் பலர் அறியாதிருப்பது வியப்பே.

1862-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1864-இல் அந்நகரைச் சூறையாடிய புயலை ஆராய்ந்தது அவரை வானிலை இயலின்பால் ஈர்த்தது. 1875-இல் இந்திய வானிலைத்துறை தோன்றியபோது அதன் முதல் தலைவரானார்.

அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. தமிழகம் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் கொண்டுள்ள அக்கொடுமையில், 1878-க்குள் நாடெங்கும் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழையை முன்னறிந்து கூற இயலுமா என்று அரசு அவரை நாடியது இதன் பின்னரே.

மலைநாட்டிலிருந்து கிடைத்த பனிச்செய்திகளை அவர் மழைக் கணக்குகளோடு ஒப்பிட்டார். இளவேனிலில் இமயத்தில் பனி மிகுந்தும் தாமதித்தும் பொழிந்தால், வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வீசிப் பருவமழை குன்றுவதைக் கண்டார். கதிரவனின் வெப்பம் பனியை உருக்குவதிலேயே செலவாகிவிட, நிலம் போதிய அளவு சூடேறுவதில்லை. கடற்காற்றை ஈர்க்கும் ஆற்றலும் குறைகிறது. இக்கருத்தை 1884-இல் கட்டுரையாக வெளியிட்டார். 1882 முதல் 1885 வரை சோதனையாகத் தந்த முன்னறிவிப்புகள் நம்பிக்கையூட்டவே, 1886 முதல் அவை முறையாக வெளிவந்தன. உயர்மலைகளில் கருவிகள் அமையாத காலத்தில், பிறர் கண்டு எழுதிய குறிப்புகளைக் கொண்டே அவர் இதனைச் செய்தார். அதுவே நம் கருத்தில் அவருடைய பெருஞ்சாதனை.

அவர் கண்ட தொடர்பு வடமேற்கு இந்தியாவுக்குப் பொருந்திய அளவு தெற்கிற்குப் பொருந்தவில்லை. சம்பா, தாளடிப் பயிர்களுக்குத் துணைநிற்கும் வடகிழக்குப் பருவமழையைப் பற்றி அது எதுவும் கூறவுமில்லை. 1889-இல் ஓய்வுபெற்ற பிளான்போர்டு 1893-இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் 1899-இல் நல்ல மழை வரும் என்று கணிக்க, வந்ததோ கடும் வறட்சி. பின்னர்ப் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் பெருங்கடல்களுக்கு அப்பாலும் காரணங்களைத் தேடினார். எனினும் இமயப் பனியைத் தம் கணக்கிலிருந்து அவர் நீக்கிவிடவில்லை.