பிளேக்: தெள்ளுப்பூச்சி மட்டுமே காரணம் இல்லை என்று கண்டறிந்த ஈப்போ மருத்துவர் வூ லியென் தே

பாரிட் புந்தாரில் ரயில் ஏறி வடக்கே போனால் பினாங்குப் பக்கம், தெற்கே போனால் ஈப்போ. மருத்துவர் வூ லியென் தே பிறந்தது பினாங்கில், 1879-ல். முதுமையில் அவர் கிளினிக் நடத்தியது ஈப்போவில். கோவிட் காலத்தில் நீங்கள் மாட்டிய முகக்கவசத்தின் கதையில் இவர் பெயர் கட்டாயம் வரும்.

முதலில் அந்தக் கிருமியைப் பார்த்துவிடுவோம். வயல் வாய்க்கால் கல்லில் கால் வைத்தால் வழுக்குமே, அந்த வழவழப்பில் பாசியோடு பாக்டீரியாவும் இருக்கும். தாங்களே சுரக்கும் பசைக்குள் அவை கூட்டமாக ஒட்டி வாழ்வதைத்தான் பயோஃபிலிம் என்கிறார்கள்.

தெள்ளுப்பூச்சியின் குடல் வாசலிலும் பிளேக் கிருமி இப்படியே ஒட்டிக்கொள்ளும். வழி அடைத்துவிடும். பசி தாங்காத பூச்சி திரும்பத் திரும்பக் கடிக்கும். உறிஞ்சிய ரத்தம் அடைப்பில் மோதி, கிருமிகளையும் பிய்த்துக்கொண்டு கடிவாய்க்கே திரும்பிவிடும். இந்த அடைப்பைப் பேக்கட், மார்ட்டின் என்ற இருவர் விவரித்தது 1914-ல். அது பயோஃபிலிம் என்று புரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

ஆனால் மனித உடல் சூட்டில் கிருமி அந்தப் பசையைச் சுரப்பதில்லை. நுரையீரலுக்குள் போய்விட்டால் பரவுவதற்குப் பூச்சியே வேண்டாம், இருமல் போதும்.

1910 டிசம்பரில் சீன அரசு வூவை மஞ்சூரியாவின் ஹார்பினுக்கு அனுப்பியபோது, எலியும் தெள்ளும்தான் பிளேக்கைப் பரப்பும் என்பதே மருத்துவ உலகின் நம்பிக்கை. வூவுக்கு வயது 31. இறந்த பெண் ஒருவரின் உடலைப் பரிசோதித்தார். உடலைத் திறப்பதே தகாத செயலாகக் கருதப்பட்ட இடம் அது. கிருமி கிடைத்தது. இது மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று முடிவு செய்து, காஸ் துணியில் பஞ்சு வைத்த கவசத்தை எல்லோரும் அணியச் சொன்னார்.

பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னிக்கு இது பிடிக்கவில்லை. மலாயாவில் இருந்து வந்த இளைஞன் நமக்குப் பாடம் எடுப்பதா என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். கவசம் இல்லாமலேயே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் பிளேக்கிலேயே இறந்துபோனார். அதற்கப்புறம் யாரும் வாதம் செய்யவில்லை.

அடுத்த சிக்கல் பிணங்கள். நிலம் பனியில் உறைந்து கிடந்ததால் புதைக்க முடியவில்லை; 2,000-க்கும் மேல் அப்படியே கிடந்தன. முன்னோரைப் புதைத்து வணங்கும் ஊரில் எரிக்கச் சொல்வது லேசான காரியமா? பேரரசின் அனுமதி வாங்கி, 1911 ஜனவரி கடைசியில் எரித்தார்கள். ரயில் பயணத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதும் இறந்தவர்கள் சுமார் 60,000 பேர்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சீனா போவதற்கு முன் பினாங்கில் அவர் அபினுக்கு எதிராகப் போராடினார். அதே அபின் கலந்த மருந்தைக் கிளினிக்கில் வைத்திருந்ததாக அவர் மீதே வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள்.

1935-ல் நோபல் பரிசுக்கும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. ஜப்பான் சீனாமீது படையெடுத்த 1937-ல் மலாயா திரும்பினார். ஈப்போவில் சாதாரண மருத்துவராக இருமலும் காய்ச்சலும் பார்த்தார். ஊருக்கு நூலகம் வேண்டும் என்று நன்கொடை திரட்டினார். 1960 ஜனவரியில், 80-வது வயதில், பிறந்த பினாங்கிலேயே காலமானார்.