அப்பைய தீட்சிதர்

அப்பைய தீட்சிதர் 16ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த வேதாந்த அறிஞர் ஆவார். மெய்யியல், மீமாம்சை, அணியிலக்கணம், துதிநூல் எனப் பல துறைகளில் வடமொழியில் எழுதியவர். இவரது காலம் 1520–1593 எனப் பெரும்பாலோர் கொள்வர்; 1554–1626 எனக் கணித்தோரும் உளர். இவர் 104 நூல்கள் இயற்றினார் என்பது மரபு.

பிறப்பும் ஆதரவும்

திருவண்ணாமலை மாவட்டத்தில், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி, போளூர் வட்டாரத்தைச் சேர்ந்த அடையபலம் இவரது ஊர். தந்தையார் ரங்கராஜாத்வரி. வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர் இவரை ஆதரித்தார். அடையபலத்தில் இவர் எடுப்பித்த காளகண்டேசுவரர் கோயிலின் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு, நாயக்கர் இவரைப் பொன்னால் நீராட்டியதைக் கூறுகிறது. சிரீகண்டரின் பிரம்மசூத்திர உரைக்கு இவர் எழுதிய விளக்கமான சிவார்க்கமணிதீபிகையை 500 அறிஞர்கள் பயில ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அதுவரை அதிகம் அறியப்படாதிருந்த சிரீகண்டரின் சைவ வேதாந்தம் இவ்வாறே பரவியது. எந்தக் கொள்கை கற்பிக்கப்படும் என்பதை அரசரின் பொன் முடிவு செய்ததற்கு இது தெளிவான சான்று. எது சரியான கொள்கை என்பதைப் பொன் முடிவு செய்ய இயலாது. அதற்கு வாதமே வழி.

வாதங்கள்

வேதப் பகுதி ஒன்றின் தொடக்கமும் முடிவும் முரண்பட்டால் எது வலியது? தொடக்கமே என்பது மீமாம்சையின் பழைய விதி. மத்வ மரபினரான வியாசதீர்த்தர் முடிவே வலியது என வாதிட்டார். அதை மறுத்துத் தீட்சிதர் உபக்கிரம பராக்கிரமம் எழுதினார். கும்பகோணத்தில் வாழ்ந்த மத்வத் துறவி விசயீந்திர தீர்த்தர், உபசங்கார விசயம் என்ற நூலால் விடையளித்தார். சிறு இலக்கண வழக்கு போலத் தோன்றினும், இவ்விதி மாறினால் உபநிடதங்களின் பொருளே மாறிவிடும். ஆகவேதான் இவ்வளவு கடுமை.

மத்வதந்திர முகமர்த்தனம் என்ற நூலில், பிறர் எவரும் கண்டறியாத வேத வாக்கியங்களை மத்வர் சான்றாகக் காட்டுகிறார் எனக் குற்றஞ்சாட்டினார். எல்லோரும் சரிபார்க்கக் கூடிய சான்றே சான்று என்பது இவரது நிலை. ஆயினும் சதுர்மதசார சங்கிரகத்தில் மத்வர், இராமானுசர், சிரீகண்டர், சங்கரர் ஆகிய நால்வரின் கொள்கைகளையும் அவரவர் நோக்கிலேயே தொகுத்துரைத்தார். தாம் சாடிய கொள்கையை இவ்வளவு நேர்மையாக எடுத்துரைத்தவர்கள் குறைவு.

சித்தாந்தலேச சங்கிரகம்

இவரது நூல்களில் மாணவர்க்கு மிகவும் பயன்படுவது இதுவே. உயிர் ஒன்றா பலவா, அறியாமை எதைப் பற்றி நிற்கிறது முதலிய வினாக்களுக்குச் சங்கரருக்குப் பின்வந்த அத்வைதிகள் அளித்த முரண்பட்ட விடைகள் இதில் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. பெரும்பாலும் தீர்ப்பு இல்லை. இரண்டற்ற மெய்ப்பொருளை நிறுவுவதே முன்னோர் நோக்கம். தோற்றமான உலகை விளக்கும் முறையில் அவர்கள் கருத்தூன்றவில்லை, ஆதலால் வழிகள் பலவாயின என்று காரணம் கூறுகிறார். இதனால் இதை வெறும் தொகுப்பு என்பாரும் உளர். ஆனால் எல்லா விடைகளையும் அவற்றின் காரணங்களோடு அறியாமல் மாணவன் எதையும் தேர முடியாது. 1930களில் எஸ். எஸ். சூரியநாராயண சாஸ்திரியின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னைப் பல்கலைக்கழகம் இதை வெளியிட்டது.

இறுதிக்காலம்

தம் சிவபக்தி உண்மையானதா என அறிய ஊமத்தைச் சாறு பருகி, மயக்கத்தில் தாம் உரைப்பதை எழுதிவைக்கச் சீடர்களைப் பணித்தார் என்றும், அதுவே ஆத்மார்ப்பண துதி என்றும் மரபு கூறுகிறது. சிதம்பரத்தில் மறைந்ததாகக் கருதப்படுகிறது. கவிஞர் நீலகண்ட தீட்சிதர் இவரது தம்பி ஆச்சான் தீட்சிதரின் பேரர் ஆவார்.