புகைப்பட மேதை ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன்

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை எங்கள் தமிழம்மா வகுப்பில் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அது எங்களுக்கே பொருந்தும் என்பது சில நாட்கள் கழித்துத்தான் விளங்கியது.

எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பிலிம் கேமராக்களை ஒரு மேசையில் அடுக்கி வைத்திருந்தோம். பரணிலும் பீரோவிலும் கிடந்தவற்றைத் துடைத்து எடுத்து வந்தோம். யாஷிகா, நிக்கான், பென்டாக்ஸ் கே 1000 எல்லாம் வந்தன. எங்கள் தோழி ஒருத்தி மட்டும் தன் தாத்தாவின் ஆக்ஃபா கிளிக் 3 கேமராவைக் கொண்டு வந்தாள். பரோடாவில் தயாரான எளிய கேமரா அது. ஒரு சுருளில் 12 படங்கள் மட்டுமே எடுக்கலாம். வெயில், மேகம் என்று இரண்டே அமைப்புகள்.

பார்க்க வந்த பெற்றோரில் பழைய கேமரா சேர்க்கும் ஆர்வலர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் எங்கள் மேசையை விட்டு நகரவே இல்லை. எந்த லென்ஸ் கூர்மையானது, எதன் கண் அதிக ஒளியை வாங்கும், எது தேய்ந்திருக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒருவர் தம்மிடமிருந்த 135 மி.மீ. லென்ஸைக் கொடுத்து இன்னொருவரின் 50 மி.மீ. லென்ஸை வாங்கிக்கொள்ள அங்கேயே பேசி முடித்தார். கிளிக் 3 கேமராவைப் பார்த்தவர்கள் அது விளையாட்டுச் சாமான் என்று சிரித்தார்கள். எங்கள் தோழியின் முகம் வாடிவிட்டது. அதைக் கொடுத்தால் ஜூம் உள்ள சிறிய கேமரா ஒன்றைத் தருவதாக ஒருவர் சொன்னதும், தாத்தாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். நாங்களும் அதுதான் சரி என்றோம்.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த எங்கள் அறிவியல் ஆசிரியை, கொடுக்கும் முன் ஒருவருடைய வாழ்க்கையைப் படித்துவிடுங்கள் என்றார். அவர் நம் திருவண்ணாமலைக்கு வந்து சென்றவர் என்றும் சொன்னார். அப்படித்தான் நாங்கள் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோனை அறிந்துகொண்டோம்.

இளமை

பிரான்சு நாட்டில் பாரிசு நகருக்கு அருகிலுள்ள சாந்தலூ என்னும் ஊரில் 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் பிரெஸ்ஸோன் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் மூத்தவர். அவருடைய குடும்பத்தார் நூல் உற்பத்தி செய்த செல்வந்தர்கள். மகன் தொழிலைக் கவனிப்பான் என்று தந்தை எதிர்பார்த்தார். மகனுக்கோ ஓவியத்தில்தான் நாட்டம்.

பாரிசில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் அவர் படித்தார். படிப்பு நேரத்தில் கவிதை நூல் ஒன்றை ஒளித்துவைத்துப் படித்தபோது ஒருநாள் பிடிபட்டார். தண்டனை கிடைக்கும் என்று நடுங்கி நின்றார். ஆனால் அந்த மேற்பார்வையாளரோ, இனித் தம் அறையிலேயே வந்து அமர்ந்து படிக்கலாம் என்று அனுமதி தந்தார். அந்த அன்பைப் பிரெஸ்ஸோன் முதுமை வரை மறக்கவில்லை.

சிறுவயதில் அவர் கையில் இருந்தது பிரவுனி என்ற பெட்டிக் கேமரா. நம் தோழியின் கிளிக் 3 போல அதுவும் எளிய கருவிதான். பின்னர் ஆந்திரே லோத் என்ற ஓவியரிடம் சேர்ந்து, ஒரு சட்டத்துக்குள் கோடுகளும் உருவங்களும் எப்படி அமைய வேண்டும் என்று கற்றார்.

இருபத்திரண்டு வயதில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டுக்குச் சென்றார். அங்கே வேட்டையாடிப் பிழைத்தார். பழைய கேமரா ஒன்றையும் உடன் வைத்திருந்தார். அந்த ஈரக்காற்றில் படச்சுருள்கள் பூஞ்சை பிடித்துப் பெரும்பாலும் வீணாயின. அவருக்கும் கடுமையான காய்ச்சல் கண்டது. சாகப்போவதாக எண்ணித் தம் பாட்டனாருக்குக் கடிதம் எழுதினார். தம்மை இன்ன இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும், இன்ன இசை இசைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்கு அவர் மாமாவிடமிருந்து பதில் வந்தது. அந்த ஏற்பாடுகளுக்குச் செலவு மிகுதியாகும் என்று பாட்டனார் கருதுவதாகவும், அதைவிட அவர் உயிரோடு ஊர் திரும்புவதே நல்லது என்றும் அதில் இருந்தது! அவரும் பிழைத்து ஊர் திரும்பினார்.

லைக்கா வந்தது

ஊர் திரும்பியவர் ஒரு பத்திரிகையில் மார்ட்டின் முன்காச்சி எடுத்த படம் ஒன்றைப் பார்த்தார். மூன்று ஆப்பிரிக்கச் சிறுவர்கள் ஏரி அலையை நோக்கி ஓடும் படம் அது. ஒரு கணத்தைக் கேமராவால் இப்படி நிலைநிறுத்த முடியுமா என்று வியந்தார். மார்சேய் துறைமுக நகரில் ஒரு லைக்கா கேமராவை வாங்கினார்.

லைக்காவின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய கேமராக்கள் பெரியவை. முக்காலியில் நிறுத்தி, கண்ணாடித் தகடு மாற்ற வேண்டியவை. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரின் லைட்ஸ் தொழிற்சாலையில் பணிசெய்த ஆஸ்கர் பர்னாக் என்பவருக்கு மூச்சிரைப்பு நோய். கனமான கேமராவைச் சுமந்து மலையேற அவரால் இயலவில்லை. ஆகவே சினிமாவுக்குப் பயன்படும் 35 மி.மீ. சுருளைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் கேமரா ஒன்றைச் செய்தார். 1925இல் அது விற்பனைக்கு வந்தது. ஒரு சுருளில் 36 படங்கள். சில ஆண்டுகளில் லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதியும் வந்தது. ஒருவருடைய பலவீனத்திலிருந்து உலகத்துக்கே பயன் கிடைத்தது.

லென்ஸ்களை மாற்றும் வசதி இருந்தும் பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தினார். நீண்ட லென்ஸ் தொலைவிலுள்ளதை அருகே இழுக்கும். அகன்ற லென்ஸ் இடத்தையெல்லாம் அள்ளிக்கொள்ளும். 50 மி.மீ. லென்ஸோ ஏறக்குறைய மனிதக் கண் காண்பதுபோலவே காட்டும். அருகில் வேண்டுமானால் நாம்தான் நடந்து போக வேண்டும். கேமராவின் பளபளப்பு பிறர் கண்ணில் படாதிருக்க, உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மூடினார். பளிச்சிடும் விளக்கைப் பயன்படுத்துவதில்லை. எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டுவதையும் அவர் விரும்பவில்லை.

1932இல் பாரிசில் ஓர் இரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் ஒருவரை வேலியின் இடைவெளி வழியே எடுத்தார். குதிகால் நீரைத் தொடுவதற்குச் சற்று முன் விழுந்த படம் அது. வேலிப்பலகை மறைத்த பகுதியை மட்டும் வெட்ட வேண்டியிருந்தது. அவர் வழக்கத்துக்கு அது ஓர் அரிய விலக்கு. கண், மனம், அறிவு மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும் அந்தக் கணத்துக்குக் காத்திருப்பதே அவர் கலையாயிற்று.

மண்ணுக்குள் ஒரு கேமரா

இரண்டாம் உலகப்போரில் அவர் பிரெஞ்சுப் படையில் இருந்தார். 1940இல் ஜெர்மானியர் கையில் சிக்கும் முன், வோஸ்ஜ் மலைப்பகுதியில் தம் லைக்காவை மண்ணில் புதைத்துவிட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறை முகாமில் கடின உழைப்பு. இருமுறை தப்ப முயன்று பிடிபட்டுத் தண்டனை பெற்றார். 1943இல் மூன்றாம் முயற்சியில் தப்பினார். பிறகு அந்தக் கேமராவைத் தோண்டி எடுத்து மீண்டும் படமெடுத்தார்.

அவர் போரில் இறந்துவிட்டார் என்று நினைத்து நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தார் நினைவுக் கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். உயிரோடிருப்பதை அறிவித்து, அவரே சென்று அதற்கு உதவினார்! 1947இல் அது திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ராபர்ட் காப்பா முதலிய நண்பர்களோடு சேர்ந்து மேக்னம் என்னும் புகைப்படக்காரர் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். எடுத்தவருக்கே படம் சொந்தம் என்பது அதன் கொள்கை.

இந்தியாவில்

அவருடைய மனைவி ரத்னா மோகினி ஜாவாத் தீவைச் சேர்ந்த நடனக் கலைஞர். இருவரும் 1947இல் இந்தியாவுக்கு வந்தனர். பிரிவினையால் வீடிழந்து குருக்ஷேத்திர முகாமில் தங்கியிருந்த மக்களைப் பிரெஸ்ஸோன் படமெடுத்தார். 1948 ஜனவரி 30 அன்று தில்லியில் காந்தியடிகளைச் சந்தித்துத் தம் படத்தொகுப்பைக் காட்டினார். விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்தில் அண்ணல் சுடப்பட்டார். அன்றிரவு வாயிற்கதவின்மேல் ஏறி நின்று நேரு மக்களிடம் செய்தி சொன்ன காட்சியும், மறுநாள் இறுதி ஊர்வலமும் அவர் படங்களாலும் உலகுக்குத் தெரிந்தன. அழுகின்ற மக்களிடையே ஓசையின்றி நின்று, இருக்கும் வெளிச்சத்திலேயே எடுத்தார்.

1950இல் அந்தத் தம்பதியர் நம் ஊருக்கு வந்தனர். செங்கம் சாலையிலுள்ள ஆசிரமத்தில் ரமண மகரிஷி அப்போது நோயுற்றிருந்தார். இடக்கையில் தோன்றிய கட்டி பல முறை அறுத்தும் ஆறவில்லை. அந்த நிலையிலும் மக்கள் வரிசையில் வந்து தரிசித்துச் சென்றனர். மகரிஷியின் இறுதி நாட்களைப் பிரெஸ்ஸோன் தம் சிறிய கேமராவில் பதிவு செய்தார்.

ஏப்ரல் 14ஆம் நாள் இரவு. பிரெஸ்ஸோன் தாம் தங்கியிருந்த வீட்டின் வெளியே நின்றபோது, ஒளிவால் நீண்ட எரிநட்சத்திரம் ஒன்று வானில் மெல்ல நகர்ந்து மலையுச்சியருகே மறைந்தது. உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8.47. ஆசிரமத்துக்கு விரைந்து சென்று கேட்டபோது, மகரிஷி மறைந்ததும் அதே நேரம்தான் என்று அறிந்தார். நாம் நாள்தோறும் பார்க்கும் அதே மலைதான். உலகமே புகழ்ந்த கேமராக்காரர் அந்தக் கணத்தைத் தம் கண்களால் பார்த்தார்; அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. இதைப் படித்தபோது நாங்கள் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். மலையைப் பார்த்த மறுகணமே கைப்பேசியைத் தூக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு.

நிறைவு

1952இல் அவருடைய புகழ்பெற்ற படநூல் வெளிவந்தது. அதன் அட்டைக்கு ஓவியர் மத்தீஸ் படம் வரைந்து தந்தார். 1954இல் சோவியத் நாட்டிற்குச் சென்று மக்களின் அன்றாட வாழ்வைப் படமெடுத்தார். எழுபதுகளில் புகைப்படத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, இளமையில் விரும்பிய பென்சிலை மீண்டும் கையில் எடுத்தார். 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் தம் 95ஆம் வயதில் காலமானார்.

இதைப் படித்து முடித்தபின் நாங்கள் தோழியின் வீட்டுக்குச் சென்றோம். தாத்தாவிடம் கேமராவை மாற்றட்டுமா என்று கேட்கவில்லை. எப்படிப் படமெடுப்பது என்றுதான் கேட்டோம். அவர் மகிழ்ந்துபோய்க் காட்டிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் நம் உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையிலிருந்து வந்த இந்து பிலிமைப் பற்றியும் சொன்னார். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. வீட்டு ஆல்பத்தைப் புரட்டினோம். பாட்டி, அத்தை, மாமா, பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். தாத்தா மட்டும் ஒரு படத்திலும் இல்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் அவர்தானே!

நாங்கள் பணம் சேர்த்து ஒரு சுருள் வாங்கினோம். 12 படங்களை எடுக்க மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் யோசித்து, காத்திருந்து எடுத்தோம். கழுவி வந்தபோது ஐந்துதான் தேறின. அவற்றுள் ஒன்று, திண்ணையில் அமர்ந்து எங்களைப் பார்த்துத் தாத்தா சிரிக்கும் படம். எங்கள் தோழிதான் அதை எடுத்தாள். அந்தக் கேமராவை இனி யார் எதைக் கொடுத்தாலும் மாற்ற மாட்டேன் என்கிறாள்.

நல்ல கருவிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதும் மாற்றிக்கொள்வதும் தவறல்ல. அந்த ஆர்வலர்களிடம் நாங்கள் கற்றதும் மிகுதி. ஆனால் பார்க்கக் கற்றுக்கொள்ளாத கண்ணுக்கு எந்த லென்ஸும் உதவாது. மேடையைக் குறை சொல்லாமல் ஆடக் கற்போம், தோழியரே!

— பத்தாம் வகுப்பு மாணவி