ஹில்லல்: கோபத்தை வென்ற ஆச்சாரியர்

மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில் விளைந்த மிளகு, இன்றைய இடுக்கி மலைகளைக் கடந்து வரும் பெரியாற்றின் முகத்துவாரத்தில் இருந்த முசிறித் துறையிலிருந்து ரோமானியரின் நாடுகளுக்குக் கப்பலேறிய காலம் அது. பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்கும் வணிகம் நடந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜெருசலேமில் வாழ்ந்தவர் யூத சமயத்தின் பேராச்சாரியரான ஹில்லல். கி.பி. 500-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட பாபிலோனிய தால்முத் அவரது வரலாற்றைப் போற்றிக் காத்துள்ளது.

பாபிலோனில் பிறந்த ஹில்லல், சாஸ்திரம் கற்கும் வேட்கையால் ஜெருசலேம் வந்தார். அன்றாடம் கிடைத்த அற்பக் கூலியில் பாதியைக் கல்விக்கூடத்தின் வாயில்காப்போனுக்குக் கொடுத்தார். மீதியில் குடும்பம் நடந்தது. பனிக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வேலை கிடைக்கவில்லை. உள்ளே செல்ல அனுமதியும் கிடைக்கவில்லை. கூரைமீது ஏறி, சாளரத்தின் அருகே படுத்துப் பாடம் கேட்டார். விடியும்போது பனி அவரை மூடியிருந்தது. கூடம் இருண்டிருப்பதைக் கண்டு மேலே நோக்கிய ஆசிரியர்கள் ஷெமாயாவும் அப்தாலியோனும் அவரை இறக்கி, நீராட்டி, எண்ணெய் பூசி, நெருப்பருகே அமர்த்தினர். அன்று எவ்வேலையும் கூடாத ஓய்வுநாள். ஆயினும் ஓர் உயிரைக் காக்க அவ்விதியை மீறலாம் என்றே அவர்கள் கருதினர். சாஸ்திரத்தின் உயிர்நாடி கருணை என்பதை ஹில்லல் தம் உடலாலேயே கற்ற நாள் அது.

காலப்போக்கில் அவர் தலைமை ஆச்சாரியரானார். பஸ்கா பலியைப் பற்றிய கடினமான ஐயம் ஒன்றைத் தீர்த்ததற்காகக் கிடைத்த பதவி அது. பதவி ஏற்றதும், முன்னிருந்தவர்கள் சரிவரக் கற்கவில்லை என்று அவர்களைக் கடிந்தார். உடனே எழுந்த அடுத்த கேள்விக்கு அவருக்கே விடை மறந்துபோயிற்று! அந்தக் கடிந்துரையில் கலந்திருந்த அகந்தையே மறதிக்குக் காரணம் என்கிறது தால்முத். ஹில்லல் அதை மறைக்கவில்லை. மறந்ததை ஒப்புக்கொண்டு, எளிய மக்கள் செய்வதைக் கவனிப்போம் என்றார். மறுநாள் அவர்களது செயலைக் கண்டதும் மறந்த விதி நினைவுக்கு வந்தது.

பிற்காலத்தில் அவருக்குக் கோபம் மூட்டுவதாக ஒருவன் நானூறு காசு பந்தயம் கட்டினான். ஓய்வுநாளுக்காக அவர் நீராடும் வேளையில் மீண்டும் மீண்டும் அழைத்து, வீண் கேள்விகளைக் கேட்டான். ஹில்லல் ஒவ்வொரு முறையும் ஆடையைப் போர்த்திக்கொண்டு வந்து, கனிவுடன் விடையளித்தார். தோற்றவன் பந்தயக்காரனே.

வேறொருவன், ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்திற்குள் சமயம் முழுவதையும் கற்பிக்க வேண்டும் என்று ஷம்மாய் என்ற ஆச்சாரியரிடம் கேட்டு, அளவுகோலால் விரட்டப்பட்டான். ஹில்லலோ அவனை ஏற்றார். தனக்கு வெறுப்பானதைப் பிறருக்குச் செய்யாதிருப்பதே சாரம், ஏனையவை அதன் விளக்கம் என்று உணர்த்தி, சென்று கற்குமாறு பணித்தார். கேள்வி கேலியாயிருந்தாலும், அதற்குள் ஒரு தேடல் இருப்பதை அவர் கண்டார்.

பிறருக்கு வழிகாட்டும் பொறுப்பு நம்மில் பலருக்கும் உண்டு: பெற்றோராக, ஆசிரியராக, மூத்த சாதகராக. பொறுமையற்றவன் கற்பிக்கத் தகுதியற்றவன் என்பது ஹில்லலின் உபதேசம். நாடி வருபவர் கேட்கும் விதத்தைக் கொண்டு அவரை எடைபோட்டு விரட்டிவிட்டால், நாம் கற்ற நூல்களால் அவருக்கு என்ன பயன்?