இழந்தவர்களை ஈகையால் நினைந்த பெருமாட்டி
அகல்யாபாய் அம்மையாரின் வாழ்க்கை

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் நடப்பவர் ஆங்காங்கே சுமைதாங்கிக் கற்களைக் காண்பர். கருவுற்றிருக்கையில் மாண்டுபோன பெண்ணொருத்தியின் நினைவாக அவளுடைய சுற்றத்தார் நாட்டிய கற்கள் அவை. அவள் இறக்கிவைக்க இயலாத சுமையை எண்ணி, வழிப்போக்கர் தம் தலைச்சுமையையேனும் இறக்கிவைத்து இளைப்பாறட்டும் என்று கருதினர் எம் முன்னோர். அருகிலே கேணி உண்டு. ஆடுமாடுகள் உடலை உராய்ந்துகொள்ள ஆவுரோஞ்சிக் கல் உண்டு. சில இடங்களில் மடமும் உண்டு. இறந்தவர் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. ஆயினும் அவர் பொருட்டுச் செய்த தருமம் நின்று பயன் தருகின்றது.

இந்த எண்ணத்தையே ஒரு பெருநிலப்பரப்பெங்கும் செய்துகாட்டியவர் ஓர் அரசியார். அவர் மாளவ நாட்டை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கார் அம்மையார். கணவனையும் மாமனையும் மைந்தனையும் பேரனையும் மருமகனையும் மகளையும் ஒருவர்பின் ஒருவராக இழந்தவர் அவர். அத்துயரினால் உள்ளம் சுருங்காது, அதனையே அறமாக மாற்றிய அவரது வரலாறு எமது சங்கத்து இளைஞர் யாவரும் அறிந்திருக்க வேண்டியதொன்று.

பிறப்பும் மணமும்

அம்மையார் 1725ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி மராட்டிய நாட்டிலுள்ள சௌண்டி என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் மாங்கோஜி சிந்தே அவ்வூரின் தலைவர், பெருஞ் செல்வரல்லர். ஆடு மேய்க்கும் குலத்திலே தோன்றியவர்கள் அவர்கள். பெண்களுக்கு எழுத்தறிவிக்கும் வழக்கம் அருகியிருந்த அக்காலத்திலே தம் மகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்தார் அத்தந்தை.

பேஷ்வாவின் படைத்தலைவருள் ஒருவரான மல்ஹார் ராவ் ஹோல்கார் என்பவரும் அதே குலத்தவரே. தம் வாள்வலியால் உயர்ந்து மாளவத்தின் பெரும்பகுதியைத் தம் ஆட்சியிற் கொண்டவர் அவர். அவருடைய ஒரே மைந்தனான கண்டே ராவுக்கு அகல்யாபாய் 1733ஆம் ஆண்டில் மணஞ்செய்து கொடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது எட்டு. அக்கால வழக்கம் அஃது. மாலே ராவ் என்னும் மகனும் முக்தாபாய் என்னும் மகளும் அவ்விருவருக்கும் பிறந்தனர்.

முதல் இழப்பு

1754ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே கும்பேர்க் கோட்டையை மராட்டியப் படை முற்றுகையிட்டிருந்தது. அப்போது பீரங்கிக் குண்டு பட்டுக் கண்டே ராவ் மாண்டார். அம்மையாருக்கு வயது இருபத்தெட்டு. கணவனுடன் சிதையேறத் துணிந்து நின்றார் அவர். மாமனாராகிய மல்ஹார் ராவ் மருமகளிடம் கண்ணீர் விட்டுக் கெஞ்சினார். மகன் போய்விட்டான், இனி நீயே என் மகன், என்னையும் இந்த நாட்டையும் யாரிடம் விட்டுப் போகிறாய் என்று அம்முதியவர் அழுது கேட்டாரென்பர். அம்மையார் சிதையை விட்டு விலகினார். வெள்ளுடை தரித்து, அணிகலன்களை நீக்கி, எஞ்சிய வாழ்நாளைப் பிறர்க்கென வைத்தார்.

மல்ஹார் ராவ் சொன்னதைச் செய்தார். அரசியற் காரியங்களையும் வரவுசெலவையும் படைக்கு வேண்டியவற்றை ஒழுங்குசெய்யும் முறையையும் மருமகளுக்குப் பழக்கினார். பீரங்கிகளுடன் குவாலியருக்குச் சென்று குண்டும் மருந்தும் சேகரித்து வைக்குமாறு 1765ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டளையொன்று, அம்மையாரிடம் அவர் வைத்திருந்த நம்பிக்கையைக் காட்டும்.

1766ஆம் ஆண்டில் ஆலம்பூர் என்னுமிடத்தில் மல்ஹார் ராவ் காலமானார். அவர் நினைவாக அவ்வூரிலே அம்மையார் நினைவு மண்டபம் எழுப்பினார். அரசுரிமை பெற்ற மாலே ராவ் தன் நடத்தையால் தாயின் மனத்தை நோகச் செய்தவன். அவனும் சித்தங் கலங்கி நோயுற்று 1767ஆம் ஆண்டிலே மாண்டான். பதின்மூன்று ஆண்டுகளுள் கணவனும் மாமனும் மகனும் மறைந்தனர்.

ஆட்சிப் பொறுப்பு

பெண்ணொருத்தி தனித்து நிற்கின்றாள் என்று கண்ட அமைச்சனொருவன், பேஷ்வாவின் சிறிய தந்தையாகிய இரகுநாத ராவைப் படையுடன் வரும்படி தூண்டினான். அம்மையார் அஞ்சவில்லை. அயலிலிருந்த மராட்டியத் தலைவர்களுக்குத் திருமுகம் விடுத்துத் துணை சேர்த்தார். பெண்ணை வென்றால் உமக்குப் புகழில்லை, தோற்றால் இகழ்ச்சி உண்டு என்று இரகுநாத ராவுக்கும் சொல்லியனுப்பினாரென்பது வழிவழி வரும் செய்தி. படையுடன் வந்தவர் துக்கம் விசாரிக்க வந்ததாகச் சொல்லித் திரும்பினார். பேஷ்வா மாதவ ராவ் அம்மையாரின் ஆட்சியை ஒப்புக்கொண்டார். படைத்தலைமையைத் துக்கோஜி ஹோல்காருக்கு அளித்து, நாட்டாட்சியைத் தாமே ஏற்று, நருமதைக் கரையிலுள்ள மகேசுவரத்தைத் தலைநகராக்கிக்கொண்டு ஏறக்குறைய இருபத்தெட்டாண்டுகள் அரசு புரிந்தார். அங்கே அவர் ஆதரித்த நெசவுத்தொழில் இன்றும் மகேசுவரிச் சேலை என்ற பெயருடன் வாழ்கின்றது.

யாருடைய பணம்?

அம்மையாரின் தருமங்களை எண்ணும்போது ஒன்றை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஹோல்கார் குடும்பத்துப் பெண்களுக்கெனக் காஸ்கி என்னும் தனிச்சொத்து இருந்தது. அரசிறைப் பணம் வேறு, காஸ்கிப் பணம் வேறு. அம்மையார் தம் தருமங்களைத் தமக்குரிய காஸ்கிப் பணத்தைக் கொண்டே நடத்தினார். குடிகளிடம் வரியாக வாங்கியது குடிகளுக்கே உரியதென்பது அவர் கொள்கை. துளசியிலையும் நீரும் விட்டுச் சங்கற்பஞ் செய்து அச்செல்வத்தை அறத்துக்கென ஒதுக்கிவிட்டாரென்றும், பின்னர் அதனைப் போர்ச்செலவுக்குக் கேட்டவர்க்கு, தானமாக வேண்டுமாயின் மந்திரஞ் சொல்லித் தருவேன், வேறு வகையில் தொடவிடேன் என்று மறுத்தாரென்றும் சொல்லுவர். இறந்தவர் பெயரால் ஊரார் பணத்தில் புண்ணியந் தேடுவோர் இதனைச் சிந்திப்பாராக.

பிறர் துயர் நீங்கச் செய்தவை

1669ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டிருந்த காசி விசுவநாதர் ஆலயத்துக்கு அருகே, இன்று நாம் வணங்கும் ஆலயத்தை 1780ஆம் ஆண்டளவில் எழுப்பியவர் அம்மையாரே. சோமநாதத்திலே பாழடைந்த கோயிலுக்கு அணித்தாக 1783ஆம் ஆண்டில் வேறொரு கோயில் அமைத்தார். எல்லோராவுக்கருகிலுள்ள கிருஷ்ணேசுவரர் ஆலயத்தையும் புதுப்பித்தார். எம் முன்னோர் தோணியேறி யாத்திரை சென்ற இராமேசுவரத்திலும் அவர் கைங்கரியம் உண்டு. தென்னாட்டுக் கோயில்களில் அபிடேகம் நிகழக் கங்கை நீரை ஆள்வைத்து அனுப்பிவந்தார். இவற்றுட் பல அவர் ஆட்சிக்கு உட்படாத இடங்கள். அங்கே அவருக்கு வரியுமில்லை, குடியுமில்லை.

இவையெல்லாவற்றுள்ளும் எம் நெஞ்சைத் தொடுவன இரண்டு. ஒன்று, காசியிலே மணிகர்ணிகைத் துறையைச் செப்பஞ்செய்தமை. அஃது எங்கெங்கிருந்தோ கொண்டுவரப்படும் பிரேதங்கள் இரவும் பகலும் எரியுந்துறை. மற்றது, கயையிலே 1787ஆம் ஆண்டில் விஷ்ணுபாதக் கோயிலைக் கருங்கல்லால் எடுப்பித்தமை. பாரதநாட்டின் எப்பகுதியிலிருந்தும் மக்கள் தம் தாய் தந்தையர்க்குப் பிண்டம் இடுவதற்கு வருமிடம் அது. தம்மவரையெல்லாம் இழந்த ஒரு பெண், மற்றவர் தம்மவரை நினைந்து கடன்செய்தற்கு நல்லிடம் அமைத்துக் கொடுத்தார். தன் துயரத்தைக் கொண்டு பிறர் துயரத்தை அறிதல் என்பது இதுவன்றோ!

கோயிலோடு அவர் அறம் நிற்கவில்லை. நாள்தோறும் ஏழைகளுக்கு அன்னமளித்தார். திருவிழா நாட்களில் மிகத் தாழ்த்தப்பட்டிருந்த மக்களுக்கும் விருந்திட்டார். கோடையில் வழிகளில் ஆள் நிறுத்தித் தண்ணீர் கொடுப்பித்தார். குளிர்காலந் தொடங்கும்போது முதியோருக்கும் நோயாளருக்கும் உடை வழங்கினார். மகேசுவரத்தைச் சூழ்ந்த வயல்களில் உழுதுகொண்டு நிற்கும் எருதுகளை நிறுத்தி நீர் காட்டுதற்கும் ஏவலாளர் இருந்தனர். குடியானவர் தம் பயிரிலிருந்து பறவைகளை விரட்டுதல் இயல்பு. அவ்வாறு விரட்டப்பட்ட பறவைகள் வந்து மேய்வதற்கென்றே விளைந்த வயல்களை விலைக்கு வாங்கி விட்டிருந்தார். விந்தியமலையைக் கடக்கும் கடினமான இடத்திலே பெருஞ் செலவில் வழியமைத்தார். இச்செய்திகளை, அம்மையாரை நேரிற் கண்டறிந்தோர் பலர் உயிருடனிருந்த காலத்திலே விசாரித்து 1823ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் மால்கம் என்னும் பிரித்தானியத் தளபதி. மாற்று நாட்டவர் ஒருவர் வியந்தெழுதிய வரலாறு இஃது.

கைம்பெண்களின் சொத்து

மகப்பேறின்றி மாண்ட வணிகரின் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. தாமும் கைம்பெண்ணாகிய அம்மையார் அதற்கு இடங்கொடுக்கவில்லை. வணிகனொருவன் இறந்தபோது அவன் பொருளிற் பங்குகொள்ள விரும்பிய துக்கோஜியையே தடுத்து, கைம்பெண்ணின் உரிமையைக் காத்தார். மற்றொரு முறை, சகோதரரான இரு வணிகர்தம் மனைவியர் தம் செல்வத்தையெல்லாம் அம்மையாரிடம் ஒப்படைக்க வந்தனர். அவர் அதனைத் தொடவில்லை. உங்கள் கணவன்மாரின் பொருளை ஊருக்குப் பயன்படும் பணிகளிலே நீங்களே செலவிடுங்கள், அது அவர்களுக்கும் உங்களுக்கும் பெருமை தரும் என்று அறிவுரை கூறி அனுப்பினார். தாம் கண்ட வழியைப் பிறர்க்கும் காட்டினார்.

கடைசி இழப்பு

முதுமையிலே அவருக்குப் பற்றுக்கோடாக இருந்தவர் மகள் முக்தாபாயும் அவள் குடும்பமும். முக்தாபாயின் இளமைந்தன் 1790ஆம் ஆண்டளவில் நோயுற்று இறந்தான். அடுத்து 1791ஆம் ஆண்டில் மருமகன் யசவந்த ராவும் மறைந்தார். முக்தாபாய் உடன்கட்டையேறத் துணிந்தாள். ஒருகாலத்தில் தம் மாமனார் தம்மிடம் கெஞ்சியது போலவே அம்மையார் மகளின் முன் மண்ணில் வீழ்ந்து மன்றாடினார். மகள் இணங்கவில்லை. தாயே, நீங்கள் முதியவர், உங்கள் காலம் முடிந்தபின் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அமைதியாக விடை கூறினாள்.

அக்காலத்துக் கொடுவழக்கத்தின் முன் அரசியும் தோற்றார். சிதை வரையும் நடந்து சென்றார். அருகில் நின்ற இருவர் அவரைத் தாங்கிக்கொண்டனர். தீ மூண்டபோது அவர் உறுதி குலைந்து கதறினார். தம் கைகளையே கடித்துக்கொண்டார். பின் நருமதையில் நீராடி அரண்மனை சென்று, மூன்று நாட்கள் உணவுமின்றிப் பேச்சுமின்றிக் கிடந்தார். நாலாம் நாள் என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை.

அவர் எழுந்தார். இறந்தோர் நினைவாக மகேசுவரத்திலே அழகிய நினைவு மண்டபமொன்று கட்டுவதிலே ஆறுதல் கண்டார். முன்போலவே அதிகாலையில் எழுந்து வழிபட்டு, அன்னமிட்டு, குடிகளின் வழக்குகளைக் கேட்டார். வீட்டில் விளக்கில்லாதுபோன பின்னும் நாட்டுக்கு விளக்காயிருந்தார்.

1795ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆந் திகதி, தமது எழுபதாவது வயதில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். புகழை அவர் வேண்டியதில்லை. தம்மைப் புகழ்ந்து அந்தணர் ஒருவர் இயற்றிக் கொணர்ந்த நூலைப் பொறுமையுடன் கேட்டிருந்து, தாம் அத்துணைப் புகழ்ச்சிக்குத் தகுதியற்ற எளிய பெண் என்று கூறி, அந்நூலை நருமதையில் எறிவித்தார். நூல் நீரோடு போயிற்று. அறம் நிலத்தில் நின்றது.

நாம் கொள்ள வேண்டியது

அன்பர்களே, எம் வீடுகளிலும் இழவு நிகழ்கின்றது. அந்தியேட்டி செய்கின்றோம், கல்வெட்டு அச்சிடுகின்றோம், ஆட்டைத் திவசத்தில் சுற்றத்தாரை அழைத்து உணவிடுகின்றோம். இவை வேண்டியனவே, எவரும் குறைகூறார். ஆயினும் அன்று உண்பவர் பெரும்பாலும் வீட்டிலே உணவு உள்ளவர். இறந்தவர் பெயரால் தகப்பனற்ற ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றால் என்ன? வாசிகசாலைக்கு நூல்கள் வாங்கிக் கொடுத்தால் என்ன? தூர்ந்துபோன கேணியொன்றைத் தூர்வாரினால் என்ன? பெருஞ் செல்வமிருந்தாலன்றி இயலாதென்று சொல்லற்க. எருதுக்கு ஒரு வாளி தண்ணீரும் பறவைக்கு ஒரு பிடி தானியமும் அம்மையாரின் கணக்கிலே தருமமாகவே இருந்தன.

முதியோர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு இந்த வழக்கத்தை உரைத்து வையுங்கள். இளைஞர்களே, அடுத்த திவசம் உங்கள் வீட்டில் வரும்போது, செலவுக் கணக்கிலே முன்பின் அறியாத ஒருவருக்கென ஒரு பங்கை முதலில் எழுதுங்கள். அழுகை மூன்று நாளில் ஓயும். சுமைதாங்கி நூறாண்டு நிற்கும். இறைவன் திருவருள் துணைநிற்பதாக.